பழைய சங்கிலி ரம்பத்தைப் பிரித்துப் புதுப்பித்தல்: முதன்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

மரம் வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்காக முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் தயாரிக்கப்பட்ட சங்கிலி ரம்பங்கள் இன்றும் பலருடைய கொட்டகைகளில் ஓடாமல் கிடக்கின்றன. செயின்சா என்று நாம் அழைக்கும் இந்த இயந்திரங்களில் பெரும்பாலானவற்றை மீண்டும் ஓட வைக்க முடியும். அவற்றின் கிராங்க் கேஸ் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கூடு) மக்னீசியத்தால் இரண்டு பாதிகளாக வார்க்கப்பட்டது; உள்ளே கடினப் பூச்சு ஏற்றிய அலுமினிய சிலிண்டர் நான்கு போல்ட்டுகளில் தனியாகக் கழன்று வரும்; பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட் இரு பக்கமும் பால் பேரிங்கில் சுழலும். பழுதான உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்டவை அவை. வீட்டுத் தோட்ட வேலைக்கென்று மலிவாகச் செய்யப்படும் ரம்பங்களுக்கு இந்தக் குணம் பெரும்பாலும் இருப்பதில்லை.

இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் செய்யும் பிழை ஒன்றுதான். நானும் அதைச் செய்திருக்கிறேன். நான் முதலில் பிரித்த ரம்பத்தில் பிஸ்டன் கீறிப் போயிருந்தது. புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டேன், முதல் இழுப்பிலேயே ஓடியது, இரண்டாவது டேங்க் பெட்ரோல் தீர்வதற்குள் அதே பக்கம் அதே மாதிரி கீறி நின்றுவிட்டது. கிளட்ச் பக்க ஆயில் சீல் (ஷாஃப்ட்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) இறுகிப்போய்க் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்ததை அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தேன். பழைய பிஸ்டன் ஏன் செத்தது என்று தெரியாமல் புதிய பிஸ்டன் வாங்கக்கூடாது. கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் அந்த ஒரு காரணத்துக்காகவே இப்படி அமைந்திருக்கிறது.

எந்த ரம்பத்தில் தொடங்குவது

முதல் முயற்சிக்கு இன்ஜின் கொள்ளளவு சுமார் 50 முதல் 72 சிசி வரையுள்ள ரம்பமே ஏற்றது. ஹஸ்க்வர்னா 61, 268, 272 ஆகிய மூன்றுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 34 மி.மீ. தான், சிலிண்டர் விட்டம் மட்டும் முறையே 48, 50, 52 மி.மீ. என்று மாறுகிறது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் உதிரி உறுப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஸ்டில் 036, 044 ஆகியவையும் நல்ல தேர்வுகள். ஆனால் 044-இல் 10 மி.மீ. பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடுடன் இணைக்கும் ஊசி) கொண்டவை, 12 மி.மீ. பின் கொண்டவை என்று இரண்டு வகை உண்டு. பின்னை அளந்து பார்க்காமல் பிஸ்டன் வாங்கினால் அது பொருந்தாமல் போகலாம். ஸ்டில் 066 போன்ற 90 சிசி இயந்திரங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வதற்கே தனிப் பழக்கம் வேண்டும்.

வாங்கும்போது பிஸ்டனைவிட உடலைக் கவனியுங்கள். கிராங்க் கேஸில் விரிசலோ, கைப்பிடி பொருந்தும் இடத்தில் உடைவோ, வெள்ளைப் பொடி பூத்த அரிப்போ இருந்தால் அந்த ரம்பத்தை உதிரிக்காக மட்டுமே வாங்கலாம். மூடிகளும் சிறு திருகுகளும் காணாமல் போயிருந்தால், அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பது பிஸ்டனைவிட அதிகச் செலவு வைக்கும்.

பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் கேஜைப் பொருத்தி, டிகம்ப்ரஷன் வால்வு (ஸ்டார்ட் செய்வதை எளிதாக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு) இருந்தால் அது மூடியிருக்கிறதா என்று பார்த்து, ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி முள் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். 150 பிஎஸ்ஐ அல்லது அதற்கு மேல் காட்டினால் மேல்பகுதி நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். 120-க்குக் கீழே இறங்கினால் திறந்துதான் பார்க்க வேண்டும். கேஜின் ஒருவழி வால்வு, பிளக் துளையில் திருகும் முனையிலேயே இருக்க வேண்டும். குழாயின் மறுமுனையில் இருந்தால் குழாய்க்குள் இருக்கும் இடமும் கணக்கில் சேர்ந்து, நல்ல இன்ஜினையும் மோசமானதாகக் காட்டும்.

அடுத்து சைலன்சரைக் கழற்றி, வெளிப்போக்குத் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டனை மேலும் கீழுமாக நகர்த்தினால் அதன் பக்கச்சுவர் முழுவதும் கண்முன் கடந்து போகும். நல்ல பிஸ்டனில், லேத்தில் கடைந்தபோது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் இன்னும் தெரியும். வெளிப்போக்குப் பக்கம் மட்டும் அந்தக் கோடுகள் அழிந்து, மேலிருந்து கீழாக வெள்ளி நிறத்தில் இழுபட்ட தடங்கள் இருந்தால், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையால் இன்ஜின் சூடேறிப் பிடித்திருக்கிறது என்று பொருள். சுற்றிலும் வறண்ட கீறல்கள் இருந்தால் ஆயில் கலக்காத பெட்ரோலைச் சந்தேகிக்கலாம். உள்வாங்கும் பக்கத்துக் கீழ்ச்சுவர் பளபளப்பின்றி மங்கித் தேய்ந்திருந்தால், ஏர் ஃபில்டரைத் தாண்டி மரத்தூளும் மண்ணும் உள்ளே போயிருக்கின்றன. ரிங்கிற்குக் கீழே கருமை படிந்திருந்தால், ரிங் கரியில் ஒட்டிக்கொண்டு எரிந்த வாயு அதைக் கடந்து கசிந்திருக்கிறது. பார்த்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது சோதனைதான் மிக முக்கியமானது, புதியவர்கள் பெரும்பாலும் தவிர்ப்பதும் அதைத்தான். இரு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் கேஸ் என்பது காற்றுப் புகாத ஓர் அறை. பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறையில் உண்டாகும் வெற்றிடம்தான் கார்புரேட்டரிலிருந்து கலவையை இழுக்கிறது. ஆயில் சீல், கேஸ்கட், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட ரப்பர் குழாய் ஆகியவற்றில் எங்கேனும் ஓட்டை இருந்தால், பெட்ரோலும் ஆயிலும் கலக்காத வெறும் காற்று உள்ளே வருகிறது. அந்தக் காற்றைக் கார்புரேட்டரின் எந்தத் திருகைத் திருப்பியும் சரிக்கட்ட முடியாது.

சோதிக்கும் முறை எளியது. கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றி, பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டுகளை வைத்து, சிறிய தகடுகளால் இரண்டு துளைகளையும் இறுக்கி அடையுங்கள். டிகம்ப்ரஷன் வால்வைக் கழற்றி அந்தத் துளையையும் அடைத்துவிடுங்கள். கார்புரேட்டருக்குத் துடிப்பைக் கொண்டு செல்லும் இம்பல்ஸ் துளையில் கைப்பம்ப்பை இணைத்து, சுமார் 0.5 பார் அழுத்தம் ஏற்றி, இணைப்புகளின் மேல் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி எழும் இடமே கசியும் இடம். பிறகு அதே அளவு வெற்றிடம் இழுத்து, முள் இறங்குகிறதா என்று கிராங்க்கை மெதுவாகச் சுற்றியபடி கவனியுங்கள். அழுத்தச் சோதனை மட்டும் போதாது என்பதற்குக் காரணம் உண்டு. ஆயில் சீலின் உதடு உட்பக்கம் பார்த்து அமைந்திருப்பதால், உள்ளே அழுத்தம் ஏறும்போது அது ஷாஃப்ட்டின் மேல் நன்றாக ஒட்டிக்கொள்ளும். வெற்றிடம் உண்டாகும்போதுதான் விலகும். என்னுடைய முதல் ரம்பத்தின் சீல் அழுத்தச் சோதனையில் தேறிவிட்டது, வெற்றிடத்தில் சில விநாடிகளில் கைவிட்டது.

பிரிப்பது

பெட்ரோலைத் திறந்தவெளியில் வடித்துவிட்டு, ரம்பத்தை முழுவதும் கழுவிக் காயவைத்த பிறகே பிரிக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்து வைத்துக்கொள்வதும், கழற்றும் திருகுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு வைப்பதும் பிறகு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரே தடிப்பில் வெவ்வேறு நீளமுள்ள திருகுகள் இந்த இயந்திரங்களில் நிறைய உண்டு.

கிளட்ச்சைக் கழற்றக் கிராங்க் சுழலாமல் நிற்க வேண்டும். அதற்குப் பிஸ்டன் மேலேறி வெளிப்போக்குத் துளையை முழுவதும் மூடிய பிறகு, பிளக் துளை வழியாகப் பருத்த நைலான் கயிற்றைச் சுருட்டி உள்ளே செலுத்துங்கள். துளை மூடுவதற்கு முன் செலுத்தினால் கயிறு துளை விளிம்பில் சிக்கிக்கொள்ளும். ஏறக்குறைய எல்லா ரம்பங்களிலும் கிளட்ச் இடது மரையில் இருக்கும். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். மறுபுறத்து ஃபிளைவீல் நட் வழக்கமான மரை. ஃபிளைவீலைப் புல்லர் கொண்டு எடுங்கள். அதன் விசிறி இதழ்களில் சுத்தியலால் தட்டினால் அவை உடைந்துவிடும்.

சிலிண்டரை நேராக மேலே தூக்கி எடுத்ததும் கிராங்க் கேஸின் வாயில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப் என்ற சிறு கம்பி வளையம் தெறித்து உள்ளே விழுந்தால், அதை எடுக்காமல் ஒரு சுற்றுகூடச் சுற்றக்கூடாது. இனி கனெக்டிங் ராடை (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். அந்தத் திசையில் ஆட்டமே இருக்கக்கூடாது. பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பானது. கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது மணல் அரைபடுவது போன்ற உணர்வு விரலுக்குத் தெரிந்தால் பேரிங் போய்விட்டது.

பேரிங் நன்றாக இருந்தால் கிராங்க் கேஸைப் பிளக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆயில் சீல்களைப் பிளக்காமலேயே மாற்றலாம். பழையதில் சிறிய திருகை ஏற்றி இழுத்து எடுத்துவிட்டு, ஷாஃப்ட்டின் சாவிப் பள்ளத்தின் மேல் மெல்லிய டேப்பைச் சுற்றி, புதியதன் உதட்டில் கிரீஸ் தடவி, அதே விட்டமுள்ள குழாயால் முன்பிருந்த ஆழத்துக்கே தட்டி இறக்க வேண்டும். டேப் இல்லாவிட்டால் பள்ளத்தின் கூரிய ஓரம் புது சீலின் உதட்டை முதல் நாளே கிழித்துவிடும்.

பேரிங்கை மாற்றியே ஆக வேண்டுமென்றால், புதிய பேரிங்கில் சி3 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டில் விரிவதற்கான கூடுதல் இடைவெளி உள்ளது என்பதை அது குறிக்கிறது. பேரிங்கை உறையவைத்து, அது உட்காரும் இடத்தைச் சூட்டுக் காற்றுக் கருவியால் சூடாக்கினால், பலம் கொடுக்காமலே உள்ளே இறங்கும். மக்னீசியத்தின் அருகே திறந்த தீச்சுடரைக் கொண்டு செல்லவே கூடாது. அதன் தூளும் சீவலும் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது தீயைப் பெரிதாக்கும். கிராங்க் ஷாஃப்ட் பல துண்டுகளை அழுத்திச் சேர்த்து உருவாக்கியது என்பதால், அதன் முனையில் சுத்தியலால் அடித்தால் அச்சு கோணிப்போகும்.

சிலிண்டரைக் காப்பாற்றுவது

பிஸ்டன் கீறியிருந்தால் சிலிண்டரும் போயிற்று என்று முடிவு செய்துவிடாதீர்கள். சிலிண்டரின் உட்சுவரில் இருப்பது குரோமியமோ நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்ததோ ஆன மிகக் கடினமான பூச்சு. பெரும்பாலான நேரங்களில் அதில் தெரியும் தடம் கீறலே அல்ல. உருகிய பிஸ்டன் அலுமினியம் அதன் மேல் அப்பிக்கொண்டதுதான். நகத்தால் குறுக்கே தடவினால் மேடாகத் தட்டுப்படும், பள்ளமாக இருக்காது.

அப்பிய அலுமினியத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலம் கரைக்கும். நிக்கல் பூச்சை அது எளிதில் தாக்காது, ஆனால் குரோமியப் பூச்சைத் தாக்கும். பஞ்சு சுற்றிய குச்சியை அமிலத்தில் தொட்டு, தடத்தின் மேல் மட்டும் வையுங்கள். நுரைத்துக் கருக்கும், துடைத்துவிட்டு மீண்டும் வையுங்கள். நுரைப்பது நின்றால் அந்த இடத்தில் அலுமினியம் தீர்ந்துவிட்டது. துளைகளின் உட்புறத்தில் பூச்சு கிடையாது, அங்கே ஒரு சொட்டு வழிந்தாலும் சிலிண்டரையே அரிக்கத் தொடங்கும் என்பதால், குச்சியில் அமிலம் சொட்டும் அளவுக்கு இருக்கக்கூடாது. திறந்தவெளியில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, கருவிகளை வெகு தூரத்தில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். அதன் ஆவியே இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். முடிந்ததும் சோடா உப்புக் கரைசலிலும் பிறகு நிறையத் தண்ணீரிலும் கழுவி, 220 எண் உப்புத்தாளால் குறுக்கு நெடுக்காக லேசாகத் தேய்த்தால் போதும். துளை ஓரத்தில் பூச்சு உரிந்திருந்தால் மட்டும் அந்த சிலிண்டரைக் கைவிடுங்கள்.

மீண்டும் சேர்ப்பது

புதிய ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, அதன் இரு முனைகளுக்கும் இடையே ஃபீலர் கேஜை (தடிப்பு குறித்த மெல்லிய தகடு) விட்டு அளக்க வேண்டும். 0.2 முதல் 0.4 மி.மீ. வரை இருந்தால் சரி. பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி வெளிப்போக்குத் துளையைப் பார்க்க வேண்டும். சர்க்கிளிப்பை எப்போதும் புதிதாகவே போடுங்கள்; அதன் திறந்த வாய் நேர் மேலாகவோ நேர் கீழாகவோ இருக்கட்டும். பக்கவாட்டில் இருந்தால், நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை பிஸ்டன் திசை மாறும் வேகத்தில் கிளிப் சுருங்கி வெளியே வந்துவிடக்கூடும். சிலிண்டரை இறக்கும்போது ரிங்கின் முனைகள் பிஸ்டனிலுள்ள சிறு ஆணியின் இருபுறமும் உட்கார்ந்திருக்க வேண்டும். சிலிண்டரை எந்தப் பக்கமும் திருகாதீர்கள்.

ரப்பர் உறுப்புகளில் மனம் இரங்க வேண்டாம். பெட்ரோல் குழாய், இம்பல்ஸ் குழாய், டேங்க் ஃபில்டர், கார்புரேட்டர் டயாஃப்ரம்கள் அனைத்தும் புதிதாகவே இருக்கட்டும். இக்னிஷன் காயிலுக்கும் ஃபிளைவீல் காந்தத்துக்கும் நடுவே 0.25 மி.மீ. அளவு இடைவெளி விடுங்கள். எல்லாம் முடிந்ததும், கார்புரேட்டரைப் பொருத்துவதற்கு முன், அழுத்தச் சோதனையையும் வெற்றிடச் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். முள் நிற்காவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

மாற்றியமைப்பது

ரம்பத்தின் ஆற்றலைக் கூட்டும் மாற்றங்களுக்கு இதன் பிறகே இடம். முதல்முறை செய்பவருக்கு நான் இரண்டை மட்டுமே பரிந்துரைப்பேன்.

முதலாவது சைலன்சர். பல ரம்பங்களில் சைலன்சரின் வாய், சிலிண்டரின் வெளிப்போக்குத் துளையைவிட மிகவும் சிறியது. துளையின் பரப்பில் முக்கால் பங்கு வரை வாயைப் பெரிதாக்கினால் இன்ஜின் சுலபமாக மூச்சுவிடும். அதற்கு மேல் போவதால் சத்தம்தான் கூடும். தீப்பொறியைத் தடுக்கும் வலையை எடுத்துவிடாதீர்கள். காய்ந்த காட்டில் ஒரு பொறி போதும். வெப்பக் காற்று கைப்பிடியையோ டேங்கையோ நோக்கி வீசக்கூடாது. இந்த மாற்றத்தால் கலவையில் காற்று மிகும் என்பதால், கார்புரேட்டரைத் திரும்பச் சரிசெய்யாமல் ஒரு மரத்தைக்கூட அறுக்கக்கூடாது.

இரண்டாவது, பிஸ்டன் உச்சிக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையிலான நெருக்கம். பிளக் துளை வழியாக ஈயக் கம்பியை, பிஸ்டன் பின் என்ற ஊசி கிடக்கும் திசையில் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை செலுத்தி, கிராங்க்கை ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய முனையை வெர்னியரால் அளக்க வேண்டும். இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால், மெல்லிய கேஸ்கட் போட்டோ, கேஸ்கட்டை விட்டுவிட்டுப் பெட்ரோலில் கரையாத சீலன்ட் தடவியோ குறைக்கலாம். 0.5 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். அதிக வேகத்தில் ராடும் பேரிங்கும் சற்று நீளும்போது பிஸ்டன் போய் சிலிண்டர் தலையைத் தட்டும். சிலிண்டரை இறக்கினால் துளைகளின் நேரமும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள்: வெளிப்போக்குத் துளை திறந்திருக்கும் நேரம் குறையும், உள்வாங்கும் நேரம் கூடும்.

துளைகளை அரைத்துப் பெரிதாக்கும் வேலையை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். ஒரு துளையைச் சிலிண்டர் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அகலமாக்கினால் ரிங் அதற்குள் பிதுங்கி உடையும் ஆபத்து உண்டு. மேல் விளிம்பில் ஒருமுறை அரைத்ததைத் திரும்ப ஒட்ட வைக்கவும் முடியாது.

ஓட்டிப் பார்ப்பது

மரத்தைத் தொடும் முன் செயின் பிரேக், ஆக்சிலேட்டர் பூட்டு, அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். செயின் பிரேக் இல்லாத மிகப் பழைய ரம்பத்தைப் புதுப்பித்துப் பார்வைக்கு வைக்கலாம், மரம் அறுக்கப் பயன்படுத்த வேண்டாம்.

ஒரு லிட்டர் புதிய பெட்ரோலுக்கு 20 மி.லி. நல்ல இரு ஸ்ட்ரோக் ஆயில் என்பது 50:1 கலவை; 25 மி.லி. என்றால் 40:1. தயாரிப்பாளர் சொன்னதைவிட ஆயிலைக் குறைக்காதீர்கள். கார்புரேட்டரின் ஹெச் (அதிக வேகக் கலவை), எல் (குறைந்த வேகக் கலவை) திருகுகள் இரண்டையும் மெதுவாக உட்கார வைத்து, ஒரு சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் மெல்ல ஓடும்போது, சங்கிலி நகரக்கூடாது. ஹெச் திருகைச் சரிசெய்யும்போது காதுதான் அளவுகோல். சுமையில்லாமல் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் சீராக இல்லாமல் கரகரவென்று உதற வேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்த உதறல் மறைந்து தெளிவாக வேண்டும். சுமையில்லாமலேயே கீச்சென்று தெளிந்து பாடினால் பெட்ரோல் போதவில்லை. உடனே விட்டுவிட்டுத் திருகைச் சிறிது வெளியே எடுங்கள். டாக்கோமீட்டர் இருந்தால், அந்த மாடலின் கையேட்டில் குறித்திருக்கும் உச்ச வேகத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரை விட்டபின் வேகம் மெதுவாகவே இறங்கினாலோ, ரம்பத்தைச் சாய்த்தால் ஐடில் ஏறினாலோ, எங்கோ மீண்டும் காற்று நுழைகிறது. திருகைத் தொடாமல் வெற்றிடச் சோதனைக்குத் திரும்புங்கள்.

முதல் சில டேங்க்குகளை மிதமான தடிப்புள்ள மரத்தில், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டித் தீர்த்துவிடுங்கள். முதல் நாள் ஓட்டி ஆறிய பிறகு சைலன்சர் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். மூன்றாவது டேங்க் தீர்ந்ததும் கம்ப்ரஷனை அளந்தால், ரிங் உட்கார்ந்து முள் முன்பைவிடச் சற்று மேலே நிற்கும். அப்போதே சைலன்சரைக் கழற்றி டார்ச்சையும், முன்பு எழுதி வைத்த தாளையும் எடுத்துக்கொண்டு, பிஸ்டனின் வெளிப்போக்குப் பக்கச் சுவரை ஒருமுறை பாருங்கள். லேத் விட்டுச்சென்ற மெல்லிய குறுக்குக் கோடுகள் அப்படியே இருந்தால், இனி அந்த ரம்பத்தைப் பெரிய மரத்துக்குக் கொண்டு போகலாம்.